குரூப்பக்காவும் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குழுக்களும்

என் சித்தி யாரையும் கேட்காமல் எதையும் தூக்கிப் போட மாட்டாள். வீட்டில் கம்பி உடைந்த குடை ஒன்று கதவுக்குப் பின்னால் நாலு வருடமாகத் தொங்குகிறது. அதை விட்டுவிட்டுப் போனவர் யாரென்று யாருக்கும் தெரியாது. "நாளைக்கே கேட்டு வந்தா என்ன பதில் சொல்றது?" என்பாள். காலாவதியான இருமல் மருந்தைக்கூட சித்தப்பாவிடம் காட்டி, "போட்டுடவா? நிஜமாவே போட்டுடவா?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் குப்பைக் கூடையில் விடுவாள். விட்ட பிறகும் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், ஒரே வாரத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் உருப்படிகளைத் தூக்கிப் போடச் சொன்னார்கள்.

சித்தி வேலை பார்ப்பது கதவுக் கீல், தாழ்ப்பாள், பூட்டு செய்யும் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில். இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் நடுவில் அவள் மேஜை. ஊழியர்களின் மின்னஞ்சல் முகவரிகளைப் பராமரிப்பது அவள் வேலை. அதிலும் முக்கியமாக, குழுக்கள். ஒரே முகவரிக்கு எழுதினால் பத்துப் பேருக்கோ நூறு பேருக்கோ போய்ச் சேரும்படி செய்வதற்குப் பெயர் குழு. பத்தொன்பது வருடமாக யார் வந்து கேட்டாலும் சித்தி குழு போட்டுக் கொடுத்தாள். இல்லை என்று சொன்னதே கிடையாது. அதனால் அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் மறந்தே போய்விட்டது. வாசல் காவலாளி முதல் எல்லாருக்கும் அவள் குரூப்பக்கா.

கம்பெனியில் ஆட்கள் எண்ணூற்று நாற்பது. குழுக்கள் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அந்தப் பட்டியலை நான் பொழுது போகாமல் ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தேன். 'ஏசி குளிர் அதிகம்' என்று ஒரு குழு, 'ஏசி குளிர் போதவில்லை' என்று ஒரு குழு. 'புதிய பிரிண்டர்' என்று ஒரு குழு. அந்தப் பிரிண்டர் பழைய இரும்புக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கு அடுத்து 'புதிய பிரிண்டர் - உண்மையிலேயே புதியது'. அதுவும் போய்விட்டது. 'கேக் வெட்டும் குழு' என்று ஒன்று, 'கேக் வெட்டும்போது கூப்பிட மறந்தவர்கள்' என்று ஒன்று. இரண்டாவதில்தான் ஆள் அதிகம். எட்டு வருடத்துக்கு முன்பு லிஃப்ட்டில் இரண்டு மணி நேரம் சிக்கிக்கொண்ட ஏழு பேர் வெளியே வந்ததும் நேராகச் சித்தியிடம் போயிருக்கிறார்கள். 'லிஃப்ட்டில் மாட்டியவர்கள்' அப்படிப் பிறந்தது. பிறந்த நாளிலிருந்து அதில் ஒரு மின்னஞ்சல்கூடப் போனதில்லை.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்றால், மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஒரு முதுகுப்பையோடு சித்தி வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் என் கால் தானாக ஆட ஆரம்பிக்கும். இரண்டு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, "சும்மா காலை ஆட்டிக்கிட்டிருக்கிறதுக்கு, வந்து எங்க ஆபீஸ்ல போனாவது எடு" என்று மூன்று வாரத்துக்கு ஒரு தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தாள்.

நான் பார்த்த கடல்களைப் பற்றி அவளிடம் சொல்வேன். அவள் ஒரு கடலையும் பார்த்ததில்லை. பார்க்க முயற்சி செய்யாமல் இல்லை. நாலு தடவை புறப்பட்டார்கள். முதல் தடவை சர்வர் படுத்துவிட்டது. இரண்டாவது தடவை தணிக்கை. மூன்றாவது தடவை யாரோ ஒரு குழுவை இன்னொரு குழுவுக்குள் போட்டு, அதை மறுபடி முதல் குழுவுக்குள் போட, ஒரே மின்னஞ்சல் செக்குமாடு மாதிரி இரண்டு நாள் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை ஸ்டேஷன்வரை போய், ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு போன் வந்து, பெட்டியோடு திரும்பி வந்தார்கள்.

இது ஐந்தாவது தடவை. பத்து நாள். சனிக்கிழமை காலை ரயில். சித்தப்பா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர், அமைதியான மனிதர். அவர் மூன்று வாரத்துக்கு முன்பே பெட்டியைக் கட்டி ஹாலின் நடுவில் வைத்துவிட்டார். தினமும் நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தோம். ஓலைத் தொப்பி ஒன்று வாங்கி, பழக்கப்படுத்திக்கொள்வதற்காக அதைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

"லீவு கொடுத்துட்டாங்களா?" என்று திங்கட்கிழமை காலையில் கேட்டார்.

"அப்ளிகேஷன் போட்டு ஒரு மாசம் ஆச்சுங்க. இன்னும் பெண்டிங்னுதான் காட்டுது."

"யார்கிட்ட பெண்டிங்?"

"டேஷ்போர்டுகிட்ட."

டேஷ்போர்டு என்பது ஆறு மாதத்துக்கு முன் வந்த புது மேலாளரின் பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் "அதை டேஷ்போர்டுல காட்டுங்க" என்பார். எந்தக் கணக்கையும் திரையில் வட்டமாக வண்ணம் போட்டுக் காட்டினால்தான் அவருக்குப் புரியும். பச்சை என்றால் சந்தோஷம், சிவப்பு என்றால் கோபம், மஞ்சள் என்றால் இன்னொரு கூட்டம். விடுமுறை விண்ணப்பங்கள் எல்லாம் அவரிடம்தான் போகும். அவர் எதையும் மறுக்க மாட்டார். அப்படியே ஊறப்போடுவார்.

அன்று பத்து மணிக்கு எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. முக்கால் பங்கு சிவப்பு.

"மேடம், இது நம்ம குரூப்புங்க. சிவப்பு இருக்கே, அதெல்லாம் ஒரு வருஷமா யாரும் தொடாதது. இந்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட்டைப் பூட்டிடுவாங்க. அதை அப்படியே புது சிஸ்டத்துக்கு மாத்தறோம். அதுக்குள்ள ஆயிரத்துக்குக் கீழ வரணும். மேலிடத்துல வாக்குக் கொடுத்துட்டேன்."

"சரிங்க சார். என் லீவு..."

"அதான் சொல்றேன். ஆயிரத்துக்குக் கீழ வந்தா லீவு. வரலைன்னா, அடுத்த மாசம் பார்ப்போம்."

வெளியே வந்ததும் சித்தி தண்ணீர் குடித்தாள். எனக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. பட்டியலில் ஒவ்வொரு குழுவுக்கும் பக்கத்தில் 'கடைசியாக மின்னஞ்சல் வந்த நாள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஆனதையெல்லாம் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

"சித்தி, ஒரு டீ குடிக்கிற நேரம்தான். அழுத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."

"கேக்காமலா?"

"யாரைக் கேக்கணும்?"

"அதுல இருக்கிறவங்களைத்தான். ஒருத்தர் வீட்டைக் காலி பண்றப்ப ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நீ சும்மா இருடி."

அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் சித்தி உட்கார்ந்து அழகாக ஒரு கடிதம் எழுதினாள். 'அன்புள்ள குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்தக் குழு உங்களுக்கு இன்னும் தேவைப்படுகிறதா? இல்லையென்றால் எடுத்துவிடலாமா? தொந்தரவுக்கு மன்னிக்கவும்.' அதை மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, கடமையைச் செய்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டியலைத் திறந்தோம்.

கடைசியாக மின்னஞ்சல் வந்த நாள்: நேற்று. அதற்குக் கீழே: நேற்று. அதற்கும் கீழே: நேற்று. நான் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பது வருடத்துக்கு முன் செத்த பிரிண்டருக்கு நேராகவும் நேற்று. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குழுக்களும் நேற்றுத்தான் குளித்துத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தன.

"சித்தி," என்றேன். "எது செத்தது, எது உசுரோட இருக்குன்னு இனிமே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தாள். நேற்றுத்தான்.

"பழைய லிஸ்ட்டை யாராவது எடுத்து வச்சிருப்பாங்களா?"

டேஷ்போர்டு எடுத்து வைத்திருந்தார். பெரிய தாளில், வண்ணத்தில். வட்டம் மட்டும். சிவப்பு எவ்வளவு என்று அதில் துல்லியமாகத் தெரிந்தது. சிவப்புக்குள் யார் யார் என்று ஒரு எழுத்துகூட இல்லை.

அதற்குள் பதில்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு ஊழியரும் சராசரியாக அறுபது குழுக்களில் இருந்தார். ஆகையால் ஒவ்வொருவருக்கும் சித்தியின் வணக்கம் அறுபது தடவை போயிருந்தது. அவர்கள் பதில் எழுதும்போது சித்திக்கு மட்டும் எழுதவில்லை. முழுக் குழுவுக்கும் எழுதினார்கள். 'என்னை நீக்கவும்.' 'என்னையும்.' 'தயவுசெய்து எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்' என்று ஒருவர் எல்லாருக்கும் பதில் போட்டார். 'அதையேதான் நானும் சொல்கிறேன்' என்று இருபத்தாறு பேர் எல்லாருக்கும் சொன்னார்கள். ஒருவர் 'வாழ்த்துகள்' என்று எழுத, என்ன ஏதென்று தெரியாமல் நாற்பது பேர் வாழ்த்தினார்கள். யாரை வாழ்த்தினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. மத்தியானத்துக்குள் சித்தியின் பெட்டியில் மட்டும் ஒன்பதாயிரம் மின்னஞ்சல் சேர்ந்து, அதற்குப் பிறகு அவள் அவற்றைப் படிப்பதையே நிறுத்திவிட்டாள்.

டேஷ்போர்டு ஓடி வந்தார். உடனே இரண்டு உத்தரவு போட்டார். 'எல்லாரும்' என்ற பெரிய குழுவை அடுத்த வாரம்வரை பூட்டிவைக்க வேண்டும். குழு வழியாக அல்லாமல் யாரும் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் எழுதக் கூடாது. இந்த இரண்டு உத்தரவையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் மறந்துவிட்டார்.

சித்தி கேட்டதற்கு உண்மையாகவே நேரில் வந்து பதில் சொன்னவர் ஒருவர்தான். ஸ்டோர்ஸ் அண்ணன். கீழே கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சாவிக்கொத்து.

"குரூப்பக்கா, லிஃப்ட் குரூப்பை எடுக்கப்போறீங்களாமே?"

"கேட்டுத்தான் எழுதியிருக்கேன் அண்ணே. எட்டு வருஷமா நீங்க ஒரு வரிகூட எழுதலையே?"

"எழுதலைன்னா? மாட்டுனது மாட்டுனதுதானே! மறுபடி மாட்டுனா யாருக்கு எழுதறது?"

சித்தி அந்தப் பெயரை 'இருக்கட்டும்' என்று குறித்துக்கொண்டாள். லிஃப்ட் குழு தப்பித்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சித்தப்பா தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார்.   சித்தி தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, தொப்பியைப் போட்டுக்கங்க" என்றாள். "இன்னும் மூணு நாள் இருக்கு."

புதன்கிழமை டேஷ்போர்டு ஒரு யோசனையோடு வந்தார். "தேதி போனா என்ன மேடம்? பேரைப் பாருங்க. 'பழசு', 'தற்காலிகம்', 'சோதனை', 'வேண்டாம்'னு பேர்லயே இருக்கில்ல, அதையெல்லாம் எடுங்க."

"சார், நம்ம ஆபீஸ்ல பழசுன்னு பேர் வச்சதுதான் ஓடிக்கிட்டிருக்கும். புதுசுன்னு பேர் வச்சதெல்லாம் நின்னுபோச்சு."

"பழசுன்னா பழசுதான். இதுல என்ன தத்துவம்?"

சித்தி ஒன்றே ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். உடனே அழிக்க மாட்டாள். முதலில் குழுவில் இருக்கும் ஆட்களை மட்டும் வெளியே எடுத்து, வெறும் கூடாக விட்டுவைப்பாள். யாராவது கத்தினால் திருப்பிப் போடுவாள். வெள்ளிக்கிழமைவரை யாரும் கத்தாவிட்டால், அந்தக் கூட்டை அழிப்பாள். இந்தத் தொழிலில் எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்களாம். கேட்டுப் பார்த்துத் தோற்ற பிறகு கத்தவிட்டுப் பார்ப்பது.

இப்படியாக என் வேலை என்னவென்று முடிவாயிற்று. போன் பக்கத்தில் ஒரு நோட்டு. கத்துகிறவர் பெயர், குழுவின் பெயர், கத்திய நேரம்.

காலை பத்தே முக்காலுக்கு சித்தி கூடுகளைக் காலி செய்ய ஆரம்பித்தாள். ஒவ்வொரு தொகுதியாகத் தேர்ந்தெடுத்து பொத்தானை அழுத்தும்போதெல்லாம் திரையைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்கப்பா" என்றாள். மொத்தம் இரண்டாயிரத்து நானூற்று எழுபத்து நாலு. ஒரு தடவைகூட அதைச் சொல்லாமல் அழுத்தவில்லை.

பிறகு நாங்கள் காத்திருந்தோம். போன் அடித்தது. நான் பாய்ந்து எடுத்தேன்.

"என் நாற்காலி ஆடுது" என்றது ஒரு குரல்.

"குரூப் ஏதாவது காணாமப் போச்சா?"

"நாற்காலிக்கு ஏது குரூப்?"

நோட்டில் எழுதலாமா கூடாதா என்று சித்தியைக் கேட்டேன். "எழுது, பாவம்" என்றாள்.

வியாழக்கிழமை முடிவதற்குள் மொத்தம் நாற்பத்தொரு குழுக்களுக்காகக் கத்தினார்கள். 'பழசு - பூட்டு வரைபடம்' போய்விட்டதென்று வரைபடக்காரர்கள் கத்தினார்கள். சித்தி சொன்னது போலவே அதுதான் தினமும் ஓடிக்கொண்டிருந்த குழு. அந்த நாற்பத்தொன்றையும் சித்தி திருப்பிப் போட்டாள். சிக்கல் அதில் இல்லை. கத்த வந்தவர்கள் வந்ததுதான் வந்தோமென்று ஒரு புதுக் குழுவும் கேட்டார்கள். சித்தியும் போட்டுக் கொடுத்தாள். நான் பார்க்கும்போது இருபத்து நாலு ஆகியிருந்தது.

"சித்தி! நாம குறைக்கிறோமா, கூட்டறோமா?"

"கேட்டுட்டாங்கடி. முகத்தைப் பார்த்து எப்படி இல்லைங்கிறது?"

"'குரூப் வேண்டாதவர்கள்'னு ஒரு குரூப் போட்டிருக்கே!"

"அவங்களுக்கும் ஒரு இடம் வேணும்ல?"

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களைக் காலி செய்திருக்கிறோம், ஆனால் வியாழக்கிழமை அந்த அலுவலகம் போன்ற சந்தோஷமான இடத்தை நான் சுற்றிய பதினொரு நாட்டிலும் பார்த்ததில்லை. ஆட்கள் விசிலடித்துக்கொண்டு நடந்தார்கள். ஸ்டோர்ஸ் அண்ணன் எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு போனார். 'ஏசி குளிர் அதிகம்' குழுவின் தலைவி, கோடையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத அம்மாள், சித்தியிடம் வந்து ரகசியமாக, "அக்கா, கடற்கரையில குளிருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டேஷ்போர்டும் நல்ல மூடில் இருந்தார். புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். "பார்த்தீங்களா, ரெண்டு நாளா ஒரு ஆள்கூட லீவு கேக்கலை. எல்லாருக்கும் தானா பொறுப்பு வந்திருக்கு." முழுப் பச்சை.

சாயங்காலம் சித்தப்பா வந்து இன்னொன்று சொன்னார். "உங்க ஆபீஸ்காரங்க இன்னிக்கு மட்டும் பதினோரு பேர் கடைக்கு வந்தாங்க. எல்லாருக்கும் கூலிங் கிளாஸ்தான் வேணுமாம். ஆபீஸ்ல வெயில் அடிக்குதா?"

சித்திக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவள் மனதில் ஒரே ஒரு எண்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, யாரும் கத்தாத கூடுகளையெல்லாம் அழித்தோம். சித்தி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். மூடிய கண்ணோடே, "எவ்வளவுடி?" என்றாள்.

"ஆயிரத்து மூணு."

"மறுபடி எண்ணு."

"கம்ப்யூட்டர்தான் எண்ணுது சித்தி."

நாலு குழுக்கள். இன்னும் நாலு போனால் கடல். சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். 'புதிய பிரிண்டர்' பெயரில் 'பழசு' இல்லாததால் தப்பித்திருந்தது. அதைப் பற்றிக் கேட்பதற்கு அந்தப் பிரிண்டரே இல்லை என்பதைச் சித்தி ஒப்புக்கொள்ள கால் மணி நேரம் ஆயிற்று. அது போனது. உண்மையிலேயே புதியதும் போனது. ஆயிரத்து ஒன்று. ஏசி குளிர் அதிகம் என்பவர்களையும் போதவில்லை என்பவர்களையும் சேர்த்து 'ஏசி' என்று ஒரே குழுவாக்கினாள். "அடிச்சுக்கட்டும்" என்றாள். சித்தி வாயிலிருந்து நான் கேட்ட மிகக் கொடூரமான வார்த்தை அது. ஆயிரம்.

நாலு நாற்பதுக்கு டேஷ்போர்டு எட்டிப் பார்த்தார்.

"ஆயிரம் வந்துடுச்சு சார்."

"ஆயிரத்துக்குக் கீழன்னுதானே சொன்னேன்? ஆயிரம்னா டேஷ்போர்டு மஞ்சள் காட்டுது மேடம். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது வந்தாத்தான் பச்சை."

"ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணுதான். எடுத்துடுங்க."

அவர் போன பிறகு சித்தி பட்டியலைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனாள். பிறகு பட்டியலின் அடியில் ஒரு வரியைக் காட்டினாள். 'காலை வணக்கம்'. உறுப்பினர் ஒருவர்.

"இது யாரோடது?"

"என்னோடது. நான் சேர்ந்த அன்னிக்குப் போட்டது. முதல் குரூப்."

"ஒரே ஆளுக்கு எதுக்கு சித்தி குரூப்?"

"தினமும் வந்ததும் அதுக்கு ஒரு வணக்கம் போடுவேன். அது எனக்கே வந்து சேரும். வந்தா, மெயில் ஓடுதுன்னு அர்த்தம். அப்பறம்தான் டீ குடிப்பேன்."

பத்தொன்பது வருடம், தினமும் காலையில் தனக்குத்தானே வணக்கம் சொல்லி, அது வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்த ஒரு ஆள் என் சொந்தக்காரி என்பது எனக்கு அன்றுதான் தெரியும். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சித்தி முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"வேற எதையாவது எடுப்போம் சித்தி. லிஃப்ட்..."

"அதெல்லாம் அவங்களைக் கேக்கணும். இதுக்கு என்னைக் கேட்டாப் போதும்."

அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். உதடு அசைந்தது. போட்டுடவா? நிஜமாவே போட்டுடவா? பிறகு கடைசியாக ஒரு வணக்கம் போட்டாள். வந்து சேர்ந்தது. அழுத்தினாள்.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

டேஷ்போர்டு அறையில் வட்டம் பச்சையாக ஜொலித்தது. அவர் கை குலுக்கினார். "வாக்குன்னா வாக்குதான் மேடம். உங்க லீவை இப்பவே அப்ரூவ் பண்றேன்" என்று சொல்லித் தன் திரையைத் திறந்தார். கீழே தள்ளினார். மேலே தள்ளினார்.

"உங்க அப்ளிகேஷனைக் காணோமே!"

"ஒரு மாசமா உங்ககிட்டதான் சார் இருந்துச்சு."

"யாரோடதுமே இல்லையே! நூத்தறுபத்து மூணு இருந்துச்சு. மொத்தமும் காலி."

சித்தி அவரை நகரச் சொல்லிவிட்டு விடுமுறைப் பதிவைத் தன் பெயர் போட்டுத் தேடினாள்.  கண்ணுக்கு முன்னால் ஹாலில் இருக்கும் பெட்டி வந்து போனது. சித்தி திரைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், எனக்கு லீவு கிடைச்சிருச்சு. புதன்கிழமை, பதினொண்ணு பன்னிரண்டுக்கு."

"நான் கொடுக்கலையே! யார் கொடுத்தது?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா?"

சித்தி மெதுவாகச் சொன்னாள். லீவு விண்ணப்பம் நேராக மேலாளருக்குப் போவதில்லை. ஒரு குழுவுக்குப் போகும். குழுவில் இருக்கிற எல்லாரும் சம்மதித்தால் லீவு. எந்தக் காலத்திலோ யாரோ எழுதிய ஏற்பாடு. அந்தக் குழுவில் இருந்தது ஒரே ஆள், டேஷ்போர்டு. அதன் பெயர் 'லீவு பழசு 2'.

"பழசுன்னு பேர்ல இருந்தா எடுங்கன்னு சொன்னீங்க சார். புதன்கிழமை உங்களை வெளிய எடுத்துட்டேன். அப்ப குரூப்ல யாரும் இல்ல. இருக்கிறவங்க எல்லாரும் சம்மதிச்சாங்களான்னு சிஸ்டம் பார்த்திருக்கு. மறுப்பு சொல்ல ஒரு ஆள்கூட இல்ல. அதனால எல்லாரும் சம்மதம்னு எடுத்துக்கிச்சு."

"யாருமே இல்லாதப்ப எல்லாரும் எப்படி சம்மதிப்பாங்க?"

"அதை சிஸ்டத்தைத்தான் சார் கேக்கணும்."

"நூத்தறுபத்து மூணு பேருக்குமா?"

"அதுக்கப்புறம் கேட்டவங்களுக்கும்தான். கேட்ட உடனே கிடைச்சிருக்கு."

ரெண்டு நாளாக ஒரு ஆள்கூட லீவு கேட்கவில்லை என்ற வட்டம் இன்னும் சுவரில் பச்சையாகத்தான் இருந்தது. விசில்களும், கண் சிமிட்டலும், பதினொரு கூலிங் கிளாஸும் எனக்கு வரிசையாகப் புரிந்தன. தனக்கு மட்டும் தப்பித் தவறிக் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏதாவது காணாமல் போனால் கத்துவார்கள் என்று நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். கிடைத்தால் எவன் கத்துவான்? சித்திக்கும் புதன்கிழமையே தகவல் வந்திருக்கும், படிக்காமல் விட்ட அந்த ஒன்பதாயிரம் மின்னஞ்சலோடு.

"உடனே எல்லாரையும் தடுக்கணும்! எல்லாருக்கும் மெயில் போடுங்க!"

"'எல்லாரும்' குரூப்பைத்தான் பூட்டச் சொன்னீங்களே சார்."

"அப்ப இந்த நூத்தறுபத்து மூணு பேருக்கு மட்டும்..."

"பத்துப் பேருக்கு மேல குரூப் இல்லாம எழுதக் கூடாதுன்னீங்க."

"அப்ப குரூப் போடுங்க! உங்களுக்கென்ன, ஒரு நிமிஷ வேலைதானே!"

சித்தி விசைப்பலகையில் கையை வைத்தாள். கேட்டால் போட்டுக் கொடுத்துவிடுவாள். பத்தொன்பது வருடப் பழக்கம். ஆனால் அழுத்துவதற்கு முன் வழக்கம் போல ஒரு வார்த்தை கேட்டாள்.

"போட்டுடவா சார்? போட்டா ஆயிரம் ஆயிடும். நிஜமாவே போட்டுடவா?"

டேஷ்போர்டு சித்தியைப் பார்த்தார். சுவரில் இருந்த பச்சை வட்டத்தைப் பார்த்தார். மணி நாலு ஐம்பத்தெட்டு. மேலிடத்துக்குக் கொடுத்த வாக்கு. மஞ்சள். பச்சை. அவர் கண்ணில் இரண்டு நிறமும் மாறி மாறி ஓடியதை நான் பார்த்தேன்.

ஐந்து மணிக்குப் பட்டியல் தானாகப் பூட்டிக்கொண்டது.

"நல்லபடியா போயிட்டு வாங்க மேடம்" என்றார் டேஷ்போர்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே.

வெளியே வந்து ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டும்போதுதான் சித்திக்கு அது உறைத்தது. "ஏண்டி, அப்ப புதன்கிழமையிலிருந்து எனக்கு லீவு இருந்திருக்கு!"

"ஆமா சித்தி."

"காலை வணக்கத்தை எடுத்திருக்கவே வேண்டாம்!"

"எடுக்கலைன்னா அது மஞ்சள். மஞ்சளா இருந்தா அவர் குரூப் போடச் சொல்லியிருப்பார். நீயும் போட்டிருப்பே."

அவள் யோசித்தாள். "போட்டிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பிளாட்பாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். கூலிங் கிளாஸ் போட்ட ஸ்டோர்ஸ் அண்ணன், குடும்பத்தோடு. ஸ்வெட்டர் போட்ட அம்மாள். வரைபடக்காரர்கள் நாலு பேர். எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்றார்கள். சித்தியைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தார்கள். பிறகு ஸ்டோர்ஸ் அண்ணன்தான், "குரூப்பக்கா, உங்களுக்குமா?" என்றார். மொத்தப் பிளாட்பாரமும் சிரித்தது. சித்தப்பா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக ரயிலில் ஏறினார். வண்டி நகரும்வரை சித்தியின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள்தான் அவள் போன் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் சித்தியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அலுவலகம் பாதி காலி. போன் அடிக்கவில்லை. என் கால் ஆட ஆரம்பித்திருந்தது. ஒன்பது மணி இரண்டு நிமிஷத்துக்கு என் செல்போனில் ஒரு செய்தி வந்தது.

'வணக்கம். கடல் இருக்கு. காலை வச்சுப் பார்த்தேன். ஓடுது. இனிமேதான் டீ.'

யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள் என்று பார்த்தேன். அது குழுச் செய்தி. குழுவின் பெயர் 'கடல் - சோதனை'. உறுப்பினர்கள் சித்தப்பா, நான், ஸ்டோர்ஸ் அண்ணன், ஸ்வெட்டர் அம்மாள், பிறகு யாரென்றே எனக்குத் தெரியாத முப்பத்தொரு பேர்.